வரைபலகை முன் நின்ற இளைஞர்

மன்னர் எழுப்பிய மாளிகைக்கு மன்னர் பெயர் உண்டு. மன்றம் கட்டிய மனைகளுக்கு மன்றத் தலைவர் பெயர் உண்டு. வரைபலகை முன் குனிந்து கோடு கிழித்த இளைஞனுக்கு? மாதச் சம்பளம் உண்டு, மேலதிகாரியின் முகச்சுளிப்பு உண்டு, அவ்வளவே! அந்நிலை மாறிய இடமொன்று உண்டு: 1889இல் தோன்றி 1965இல் மறைந்த இலண்டன் கவுண்டி மன்றத்தின் கட்டடக்கலைத் துறை.

இரண்டாம் உலகப்போர் ஓய்ந்தபோது, குண்டுவீச்சில் வீடிழந்தோர் கூரை கேட்டு நின்றனர். வேகம் வேண்டுமென எண்ணிய மன்றம், வீடமைப்பைக் கட்டடக் கலைஞரிடமிருந்து எடுத்து மதிப்பீட்டு அதிகாரியிடம் தந்தது. எண்ணிக்கை ஏறிற்று; எழில் இறங்கிற்று. 1949இல் கண்டனம் வெடித்தது. 1950இல் அப்பொறுப்பு மீண்டும் கட்டடக்கலைத் துறைக்கே வந்து சேர்ந்தது.

துறைத் தலைவர் இராபர்ட் மாத்யூ, 1946இல் தம் நாற்பதாம் வயதில் அப்பதவி ஏற்றவர். துணை நின்றவர் லெஸ்லி மார்ட்டின். ‘நான் வரைவேன், நீ படியெடு’ என்றா இவர்கள் ஆணையிட்டனர்? இல்லை! துறையைச் சிறு குழுக்களாகப் பிரித்தனர். குழுவுக்கொரு திட்டம் தந்தனர். சிந்திக்கும் உரிமையையும் உடன் தந்தனர். கையொப்பமிடும் அதிகாரத்தைப் பகிர்வது எளிது; சிந்திக்கும் அதிகாரத்தைப் பகிரத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

விளைவை ரோகாம்ப்டனில் காணலாம். ஆல்ட்டன் குடியிருப்பின் கிழக்குப் பகுதியை வடித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ரோஸ்மேரி ஷெர்ன்ஸ்டெட். ஆம், ஒரு பெண். அடுப்பங்கரைதான் அவளுக்கு உலகம் எனப் பேசியோர் மலிந்திருந்த நாளில்! சுவீடனில் பணியாற்றித் திரும்பிய அவர் குழு, செங்கல்லையும் மரநிழலையும் நாடியது. மேற்குப் பகுதி காலின் லூக்கஸ் குழுவினுடையது. அவர்கள் பிரெஞ்சு நாட்டு லெ கார்பூசியேயின் வழியினர். ரிச்மண்ட் பூங்காவை நோக்கி ஐந்து நெடிய காங்கிரீட் கட்டடங்களை நிறுத்தினர். கிழக்குக்கும் மேற்குக்கும் கொள்கைப்பகை! தலைமை ஒன்றை ஒடுக்கி மற்றதை உயர்த்தவில்லை, இரண்டும் எழுந்தன.

குறையே இல்லையோ? உண்டு. இளைஞர் கருத்துக்கு இருந்த மதிப்பு, அவ்வீடுகளில் வாழப்போகும் உழைப்பாளர் கருத்துக்கு இருந்ததாகச் சொல்வதற்கில்லை.

மாத்யூ 1953இல் விலக, மார்ட்டின் தலைமையேற்றார், குழுமுறை தொடர்ந்தது. லூக்கஸ் குழுவில் வளர்ந்த ஹவல், கில்லிக், பார்ட்ரிட்ஜ், ஏமிஸ் நால்வரும் பின்னர்த் தனி நிறுவனம் கண்டனர். அவர்கள் வரைந்த அந்த ஐந்து கட்டடங்களும் 1998இல் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின.