ஏழு மேலேயா, கீழேயா?

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "உன் வேலை சம்பந்தமா வரலாறு மாதிரி ஏதாவது எழுதிக் கொடுடா. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கனவே பதினேழு வந்து கிடக்கு" என்றார். வரலாறு என்றதும் எனக்கு நம் மூன்றாம் ஆண்டு லேப்தான் ஞாபகம் வந்தது.

என் பேட்ச்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 8051 சிப்பை வைத்து பாஸ்வேர்டு பூட்டு ஒன்று செய்தேன். விடிய விடிய சால்டர் செய்ததில் கீபேடின் முதல் வரிசை ஒயரும் மூன்றாம் வரிசை ஒயரும் இடம் மாறிவிட்டன. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் 1-ஐ அழுத்தினார். திரையில் 7 வந்தது. நான் கொஞ்சமும் தயங்காமல், "சார், இது கால்குலேட்டர் மாடல் சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "அப்ப ஸ்டிக்கர்ல எதுக்குப்பா 1-ன்னு ஒட்டியிருக்க?" என்று கேட்டார். அதன்பிறகு ஹாஸ்டலை விட்டுப் போகும்வரை எனக்கு 'தலைகீழ்' என்றுதான் பெயர்.

அன்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிச் சமாளித்தேனே தவிர, கால்குலேட்டரில் 7 ஏன் மேலே இருக்கிறது, போனில் 1 ஏன் மேலே இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தவர் என் அப்பா.

அப்பா வங்கியில் 34 வருஷம் இருந்தவர். முதலில் கூட்டல் மெஷின், அப்புறம் கால்குலேட்டர், கடைசியில் கம்ப்யூட்டர். கண் லெட்ஜரில் இருக்கும், வலது கை தானாக எண்களை அடித்துக்கொண்டே போகும். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷத்துக்கு முன் ஏ.டி.எம்.மில் மூன்று தடவை தப்பான நம்பர் அடித்து கார்டு முடங்கிப் போய்விட்டது. அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை. கிளையில் இருந்த ஊழியர், "வயசாயிடுச்சுல்ல சார், மறதி வரத்தான் செய்யும். நம்பரை ஒரு சீட்டில் எழுதி பர்ஸ்ல வச்சுக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். (இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம்.)

அம்மா அன்று இரவு தூங்கவில்லை. எங்கள் பாட்டி, அப்பாவைப் பெற்றவர், கடைசி மூன்று வருஷம் யாரையும் அடையாளம் தெரியாமலே இருந்து போனார். அது மாதிரிதான் இதுவும் ஆரம்பிக்கிறதோ என்று அம்மாவுக்குப் பயம். நரம்பியல் டாக்டரிடம் தேதியும் வாங்கியாகிவிட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. பேப்பரில் சுடோகு போடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

மெஷின்களுக்கு முகப்பும் திரையும் வடிவமைப்பதுதான் பத்து வருஷமாக என் பிழைப்பு. எந்தப் பட்டனை எங்கே வைத்தால் மனுஷன் தடுமாற மாட்டான் என்று பார்ப்பது. இதை யூசர் இன்டர்ஃபேஸ் என்று பெரிய பெயர் வைத்துச் சொல்கிறார்கள். அந்தத் தொழிலின் ஆரம்பக் கதையே, தப்பு யாருடையது என்ற கேள்விதான்.

1943. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் போய்க்கொண்டிருக்கும்போதே, விமானி சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் உராய்ந்து உட்கார்ந்துவிடும். ஒருவர் இருவர் அல்ல, பலர் இப்படிச் செய்தார்கள். ரிப்போர்ட்டில் 'விமானியின் தவறு' என்று எழுதி மூடினார்கள். ஓஹையோ மாநிலத்தில் ரைட் ஃபீல்ட் என்ற இடத்தில் இருந்த ராணுவ ஆய்வகத்தில் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியல்காரர் வேலை பார்த்தார். சி-47 என்ற சரக்கு விமானத்தை ஓட்டுகிறவர்கள் மட்டும் இந்தத் தவறைச் செய்வதில்லையே, ஏன் என்று அவர் போய்ப் பார்த்தார். பி-17-இல் சக்கரத்துக்கான சுவிட்சும் இறக்கை மடிப்புக்கான சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. சி-47-இல் அப்படி இல்லை. அவ்வளவுதான் விஷயம்! சக்கரக் கைப்பிடியின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடிப்புக் கைப்பிடியின் நுனியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டையும் மாட்டினார். கை பட்டாலே எது எது என்று தெரிந்தது, அந்தத் தவறும் நின்றது. இன்றும் பயணி விமானங்களில் சக்கரத்தை இறக்கும் கைப்பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

போர் முடிந்து சில வருஷம் கழித்து இதே சபானிஸ் நம் கீபேடு கதைக்குள்ளும் வருகிறார். அதற்கு முன் கால்குலேட்டர் பக்கத்தைப் பார்த்துவிடலாம்.

1887-இல் டோர் ஃபெல்ட் என்ற அமெரிக்கர் 'காம்ப்டோமீட்டர்' என்ற கூட்டல் மெஷினுக்கு காப்புரிமை வாங்கினார். ஒன்று, பத்து, நூறு என்று ஒவ்வொரு ஸ்தானத்துக்கும் ஒரு நெட்டு வரிசை, அதில் ஒன்பது பட்டன். கீழே 1, மேலே 9. 1914 வாக்கில் சன்ட்ஸ்ட்ராண்ட் சகோதரர்கள் இதைப் பத்தே பட்டனாகச் சுருக்கினார்கள். அதிலும் சின்ன எண் கீழே, பெரிய எண் மேலே. 7, 8, 9 உச்சிக்குப் போனது இப்படித்தான். பிறகு வந்த கால்குலேட்டரும் கம்ப்யூட்டரும் அதையே பிடித்துக்கொண்டன. கணக்கர்களின் விரல்களுக்கு அது பழகிவிட்டது, மாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்?

தொலைபேசிக்காரர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. 1950-களில் பெல் நிறுவனம் சுழற்றும் டயலை எடுத்துவிட்டு பட்டன் வைக்க நினைத்தது. 1955-இல் சபானிஸும் மேரி லட்ஸ் என்பவரும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வெறும் பட்டன் படத்தைக் கொடுத்து, எந்த எண் எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று ஜனங்களையே கேட்டார்கள். பெரும்பாலோர் புத்தகம் படிக்கிற மாதிரி மேலே இடது பக்கம் 1-இல் ஆரம்பித்தார்கள். அதன்பிறகு பெல் ஆய்வகத்தில் டெய்னிங்கர் என்பவர் வட்டம், இரண்டு வரிசை, கால்குலேட்டர் மாதிரி என்று பல அமைப்புகளைச் செய்து, ஆட்களை அடிக்கச் சொல்லி, நேரத்தையும் பிழையையும் அளந்து 1960-இல் வெளியிட்டார். வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆனாலும் 1, 2, 3 மேலே இருக்கும் சதுரம்தான் தேர்வானது. 1963 நவம்பர் 18-ஆம் தேதி பென்சில்வேனியாவில் இரண்டு ஊர்களில் பட்டன் போன் விற்பனைக்கு வந்தது. நட்சத்திரமும் ஹாஷும் சேர்ந்தது 1968-இல்.

கால்குலேட்டர்காரர்கள் வேகமாக அடித்து எக்ஸ்சேஞ்சைத் திணற அடித்துவிடுவார்கள், அதனால்தான் வேண்டுமென்றே தலைகீழாக வைத்தார்கள் என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. நானும் கேன்டீனில் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஆதாரம் கிடையாது.

அந்த ஆய்வகத்தில் இந்தப் பிரிவை நடத்திய ஜான் கார்லின் பெரிய குறும்புக்காரர். போன் ஒயர் எவ்வளவு நீளம் தேவை என்று தெரிய வேண்டும். கேட்டால் எல்லாரும் நீளமாகத்தான் கேட்பார்கள். அதனால் சத்தமில்லாமல் சகாக்களின் போன் ஒயரை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகக் குறைத்துக்கொண்டே வரச் செய்தார். மொத்தம் ஓர் அடி குறையும்வரை யாரும் கவனிக்கவே இல்லையாம்!

1967 ஜூன் 27-இல் லண்டன் என்ஃபீல்டில் பணம் தரும் மெஷின் திறக்கப்பட்டது. அதைச் செய்த ஷெப்பர்ட்-பேரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு இலக்க ரகசிய எண் வைக்க நினைத்தாராம், மனைவி நாலுதான் நினைவிருக்கும் என்று சொன்னதால் நாலாக்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த ஏ.டி.எம்.கள் பெரும்பாலும் போன் வரிசையையே எடுத்துக்கொண்டன.

இதெல்லாம் எனக்கு ஏட்டளவில் தெரியும். அப்பாவோடு சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. டாக்டரிடம் போக நாலு நாள் இருக்கும்போது, அவரோடு நானும் ஏ.டி.எம்.முக்குப் போனேன். எண் தெரியாமல் இருக்க கீபேடுக்கு மேல் ஒரு மூடி. அப்பாவின் உயரத்துக்குப் பட்டனே தெரியவில்லை. பின்னால் நாலு பேர் நின்றார்கள். அப்பா பார்க்காமலே, சரசரவென்று நாலு தட்டுத் தட்டினார், லெட்ஜர் போடுகிற வேகத்தில். திரையில் நாலு நட்சத்திரம். தப்பு என்றது மெஷின்.

7482 என்று வைத்துக்கொள்ளுங்கள் (அவர் நம்பர் அது இல்லை, யாரும் முயற்சி செய்ய வேண்டாம்). கால்குலேட்டர் பழகிய விரல் 7-க்கு மேல் மூலைக்குப் போகும், அங்கே இருப்பது 1. நடு வரிசை இரண்டிலும் ஒன்றுதான், 4 சரியாக விழும். 8-க்கு 2, 2-க்கு 8. ஆக 1428. நட்சத்திரம் காட்டுவதால் அடித்தவருக்கே தெரியாது. பழைய ஏ.டி.எம்.மில் மூடி இல்லை, பார்த்து அடித்தார், சரியாக இருந்தது. மூடி வந்த பிறகுதான் 'மறதி' வந்தது.

வீட்டுக்கு வந்து என் மொபைலில் கால்குலேட்டரைத் திறந்து அப்பா கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நம்பரைச் சரியாக அடித்தார். அதே போனில் டயல் செய்யும் திரையைத் திறந்தேன். கண்ணை மூடி அடித்தார், வேறு நம்பர் வந்தது. ஒரே போனுக்குள் 7 ஓரிடத்தில் மேலே, ஓரிடத்தில் கீழே. அப்பா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதை எவன்டா இப்படி வச்சான்?" என்றார். என் தொழில்காரர்கள்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

டாக்டர் தேதியை அம்மா ரத்து செய்ய விடவில்லை. போனோம். பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். சுடோகு மறுபடி ஆரம்பமாகிவிட்டது. ஏ.டி.எம்.மில் இப்போது அப்பா குனிந்து மூடிக்குள் எட்டிப் பார்த்து, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்துகிறார். பின்னால் நிற்கிறவருக்கு நன்றாகக் கேட்கிறது. மெதுவாகச் சொல்லுங்கப்பா என்றால், "நீ சும்மா இருடா" என்கிறார்.