கார் வாங்க உதவிய கிரெடிட் கார்டுகள்: ஒரு சின்ன வரலாறு



"இந்த கார்டில் செலவு செய்யுங்கள், புதிய கார் வாங்கும்போது புள்ளிகளை விலையில் கழித்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு நம் காதிலும் விழுகிறது. யோசனை புதிதல்ல. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், நம் கணக்கை நாமே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

டைனர்ஸ் கிளப் 1950-ல் தொடங்கியது. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கார்டு 1958-ல் வந்தது. அப்போதெல்லாம் கடன் வசதிதான் கவர்ச்சி. பரிசு எதுவும் கிடையாது. 1986-ல் வந்த டிஸ்கவர் கார்டு, செலவில் ஒரு சிறு பங்கைப் பணமாகவே திருப்பித் தந்தது. அடுத்த ஆண்டு சிட்டி வங்கி, அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் சேர்ந்து விமான மைல்களைத் தந்தது.

கார் கம்பெனிகள் இதில் இறங்கியதற்கு நெருக்கடிதான் காரணம். ஜெனரல் மோட்டார்ஸ் 1991-ல் சுமார் 445 கோடி டாலர் நஷ்டப்பட்டு, 21 ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தது. வாடிக்கையாளரைத் தன் பக்கமே இருத்திவைக்க, 1992 செப்டம்பரில் ஹவுஸ்ஹோல்ட் வங்கியுடன் சேர்ந்து ஒரு கார்டை வெளியிட்டது. ஆண்டுக் கட்டணம் இல்லை. செலவில் 5 சதவீதம் வரவு. ஆண்டுக்கு 500 டாலர், ஏழு ஆண்டுகளில் 3,500 டாலர் வரை சேரும். 1993-ல் ஃபோர்டு, சிட்டி வங்கியுடன் சேர்ந்து போட்டிக்கு வந்தது. அதிலும் 5 சதவீதம்தான். ஆனால் ஆண்டுக்கு 700 டாலர், ஐந்து ஆண்டுகளில் 3,500 டாலர்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஃபோர்டு கார்டே மேல் என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். இரண்டிலும் 3,500 டாலர் சேர மொத்தம் 70,000 டாலர் செலவு செய்தாக வேண்டும். ஃபோர்டில் அது ஆண்டுக்கு 14,000; ஜெனரல் மோட்டார்ஸில் 10,000. ஆண்டுக்கு 6,000 டாலர் மட்டும் செலவழிக்கும் குடும்பத்துக்கு ஃபோர்டில் ஐந்து ஆண்டில் 1,500 சேரும். மற்றதில் ஏழு ஆண்டில் 2,100 சேரும். ஆக, பெரிய கைக்கு ஒன்று, சிறிய கைக்கு ஒன்று. வரம்பைப் பார்ப்பதற்கு முன் நம் வீட்டுச் செலவைப் பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம்.

இந்தப் பணத்தை யார் தந்தார்கள்? கடைக்காரர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கும், நிலுவைக்கான வட்டியும் வங்கிக்குப் போயின. காருக்கான தள்ளுபடியைக் கார் கம்பெனி தன் விற்பனைச் செலவாக எழுதிக்கொண்டது. அந்தச் செலவு கட்டுப்படியாகும் வரைதான் சலுகை. ஃபோர்டு 1997-லேயே இந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்டு நீடித்தது. ஆனால் ஹவுஸ்ஹோல்டிடமிருந்து எச்எஸ்பிசிக்கும், பின் கேப்பிடல் ஒன்னுக்கும், 2022-ல் கோல்ட்மேன் சாக்ஸுக்கும் கைமாறியது. ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்துச் சேர்க்கும் புள்ளி, சேமிப்புக் கணக்கு இருப்பு போன்றதல்ல. விதியை மாற்றும் உரிமை கொடுப்பவர் கையில் இருக்கிறது. இது இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடம்தான் முக்கியம். ஆண்டுக்கு 10,000 டாலர் செலவழித்து 500 டாலர் சம்பாதித்த ஒருவர், 3,000 டாலர் நிலுவையை ஆண்டு முழுவதும் 16 சதவீத வட்டியில் வைத்திருந்தால் வட்டியே 480 டாலர். மிச்சம் 20 டாலர்! நம் ஊரில் மாதம் 3.5 சதவீத வட்டி சகஜம். 10,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாத வட்டி 350 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 63 ரூபாய். ஆக 413 ரூபாய். அதே 10,000 ரூபாய்ச் செலவுக்கு 1 சதவீதப் புள்ளி கிடைத்தால் அதன் மதிப்பு 100 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

எனவே இப்படி ஒரு கார்டை யாராவது நீட்டினால் கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? ஒரு புள்ளியின் மதிப்பு ரூபாயில் எவ்வளவு? ஆண்டு வரம்பு உண்டா? புள்ளி எப்போது காலாவதியாகும்? ஷோரூம் தள்ளுபடியோடு சேர்த்து இதையும் கழிப்பார்களா, அல்லது ஒன்றுக்குப் பதில் மற்றொன்றா? பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுபவர், எப்படியும் அந்தக் கம்பெனி காரைத்தான் வாங்கப்போகிறவர் என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அவருக்கு லாபம்தான். புள்ளிக்காகவே செலவைக் கூட்டுபவரும், புள்ளி வீணாகிவிடுமே என்று பிடிக்காத காரை வாங்குபவரும் தள்ளுபடி பெறவில்லை. அதற்கான விலையைத் தாங்களே கொடுக்கிறார்கள்.