பன்னிரண்டு பிள்ளைகளின் சராசரி: கடம்பத்தூர் ஒன்றியத்துச் சிறு பள்ளிகளும் அடைவுத் தேர்வின் எண்களும்

சென்னை – அரக்கோணம் மின்ரயில் தடத்தில் திருவள்ளூரைத் தாண்டி வருவது கடம்பத்தூர். கூவம் என்ற சிற்றூரும், பேரம்பாக்கமும், சரக்குப் போக்குவரத்துப் பூங்காவுக்கு நிலம் ஒதுக்கப்பட்ட மப்பேடும் இந்த ஊராட்சி ஒன்றியத்துக்குள் அடங்கும். இப்படிப்பட்ட ஒன்றியத்தில் ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, பதிவேட்டில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். அந்த அறுபது பேரும் ஐந்து வகுப்புகளுக்குப் பிரிந்தால் வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். மூன்றாம் வகுப்பின் அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சோதித்துக் கிடைக்கும் சராசரி எதைச் சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பள்ளியைப் பற்றி அது ஏறத்தாழ ஒன்றுமே சொல்வதில்லை என்பது என் வாதம். பிள்ளையைப் பற்றி நிறையச் சொல்லக்கூடிய விடைத்தாளை, சராசரியாக்கிய கணத்திலேயே நாம் ஊமையாக்கிவிடுகிறோம்.

முதலில் கணக்கு. ஒரு வினாவுக்கு ஒவ்வொரு பிள்ளையும் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். கற்பித்தலில் எந்த வேறுபாடும் இல்லாத நூறு பள்ளிகளில், பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பிலிருந்து மூன்று முதல் ஒன்பது பேர் வரை சரியாக எழுதுவார்கள் என்று 96 பள்ளிகளுக்குச் சொல்லலாம். மற்ற நான்கு அதற்கும் வெளியே போகும். அதாவது 25 விழுக்காடும் 75 விழுக்காடும் ஒரே தரமுள்ள இரு பள்ளிகளின் எண்களாக இருக்க முடியும். ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்றால் எட்டு விழுக்காடு ஆடிப்போகும். ஒரே தெருவின் அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பதால் உண்மையான ஊசல் இதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். தேர்வில் பல வினாக்கள் உண்டே என்று கேட்கலாம். வினாக்கள் கூடினால் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணும் உறுதிப்படும். பிள்ளைகளின் எண்ணிக்கை பன்னிரண்டாகவே இருக்கும்.

மாறாக, ஒன்றியம் முழுவதிலும் 800 பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஊசல் இரு பக்கமும் மூன்றரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே ஒன்றியத்தின் எண்ணை நம்பலாம். பள்ளியின் எண்ணை நம்ப முடியாது. அமெரிக்காவில் வடக்குக் கரோலினா மாநிலத் தரவை ஆராய்ந்து, தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டைகரும் 2002இல் இதையே காட்டினார்கள்: சிறிய பள்ளிகள் முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் மாறி மாறித் தென்படுகின்றன. சிறியவை என்பதாலேயே.

நம் நாட்டில் தேசிய அடைவு ஆய்வு மாவட்டத்துக்கு மேல் பேசுவதற்காகவே மாதிரி எடுத்து வடிவமைக்கப்பட்டது. 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10ஆம் வகுப்புகளுக்கு அது நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று 'பரக்' என்ற புதுப் பெயரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. முதல் தேதி என்னை இன்னும் உறுத்துகிறது. பெருந்தொற்றுக்குப் பின் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறந்தது நவம்பர் 1. தேர்வெழுதிய மூன்றாம் வகுப்புப் பிள்ளை 2020 மார்ச்சில் முதல் வகுப்போடு வீட்டுக்குப் போனவள். இரண்டாம் வகுப்பில் ஒரு நாளும் உட்காராதவள். பள்ளி திறந்து பதினோரு நாளில் அவள் கையில் தாள் கொடுக்கப்பட்டது. அந்த எண்ணில் மூடிக் கிடந்த பத்தொன்பது மாதமும் கலந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்காமல் அவளுடைய ஆசிரியரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அளக்காமல் விட்டால் ஏழைப் பிள்ளையின் பின்னடைவு மறைந்தே போகும் என்பது அது. பிரதம் அமைப்பு 2005 முதல் வீடு வீடாகச் சென்று நடத்திவரும் ஏசர் ஆய்வு அந்த மறைப்பை உடைத்தது. இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2018இல் 10.2 விழுக்காடு, 2022இல் 4.8 விழுக்காடு. இத்தகைய எண்கள் இல்லாவிட்டால் அந்தப் பின்னடைவு கண்ணில் படாமலே போயிருக்கும். தமிழ்நாட்டில் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் இழப்பின் மூன்றில் இரு பங்கு மீண்டதையும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு தன்னார்வலர்களைக் கொண்டு பள்ளி நேரத்துக்குப் பின் பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்ததையும் காட்டினார்கள். அளவீட்டின் நற்பயன் இதுவே. ஆனால் இவை யாவும் மாநிலத்துக்கு நேர்ந்ததைச் சொன்ன எண்கள். எந்தத் தலைமையாசிரியருக்கும் இவற்றால் பாராட்டும் இல்லை, மெமோவும் இல்லை.

மெமோ வரும் என்றானதும் எண் மாறுகிறது. இது நமக்குப் புதிதல்ல. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி, ஆய்வாளர் முன் ஒவ்வொரு பிள்ளையும் வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுக் காட்டினால்தான் பள்ளிக்குப் பணம். பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார்கள். தாமே பள்ளி ஆய்வாளராக இருந்த மேத்யூ ஆர்னால்ட் அதை எதிர்த்து எழுதினார். அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1882இல் அமைந்த ஹண்டர் குழு நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு அதைப் பரிந்துரைத்தது. நம் திண்ணைப் பள்ளி வாத்தியார்களின் மானியம் ஆய்வாளர் வரும் ஒரு நாளில் தொங்கியது. 1904இல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் அதைக் கைவிடச் சொன்னது. நம் காலத்தில் மத்தியப் பிரதேசத்தின் பள்ளித் தேர்வுகளை அபிஜித் சிங் மறுதேர்வு வைத்துச் சரிபார்த்தபோது, அதிகாரப்பூர்வ மதிப்பெண்கள் வெகுவாக ஊதிப்போயிருந்தன.

கடம்பத்தூர் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பகுதிகளிலிருந்து குடும்பங்கள் பருவந்தோறும் வருகின்றன. மழை தொடங்குமுன் திரும்புகின்றன. அவர்களின் பிள்ளைகளுக்காகச் சூளையோரத்தில் ஒடியா மொழியிலேயே கல்வி மையங்கள் நடத்தப்பட்டிருக்கின்றன. ஆந்திர எல்லையோரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் வைக்கும் ஒரே நாள் தேர்வு இவர்களில் சிலரைப் பதிவேட்டிலேயே காணாது. சிலரை அறியாத மொழியில் சோதிக்கும். பள்ளியின் எண் உயர வேண்டுமானால் இப்பிள்ளைகளைச் சேர்க்காமல் இருப்பதே எளிய வழி. அப்படி ஒரு தூண்டுதலை எந்த முறையும் ஆசிரியர் முன் வைக்கக் கூடாது.

தாள் சொல்லக்கூடியது என்ன என்பதற்கு வருகிறேன். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறாள். தவறு என்று அதற்குச் சுழியம் விழும். அவளோ ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள்: ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. கழித்தல் அவளுக்குத் தெரியும். பத்தைக் கடன் வாங்கத் தெரியாது. 79 என்று எழுதிய பிள்ளை கூட்டிவிட்டான், குறியைப் பார்க்கவில்லை. இருவருக்கும் ஒரே சுழியம், வேறு வேறு பாடம். தமிழ் வாசிப்பிலும் அப்படியே. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மயங்கி 'கொடி'யை 'கோடி' என்று வாசிப்பவள் வேறு. எழுத்தெல்லாம் தெரிந்தும், வாயில் 'வந்துச்சு' என்று வழங்குவது தாளில் 'வந்தது' என்று நிற்பதால் தயங்குபவன் வேறு. பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள மொழியில், இந்தத் தயக்கத்தை அறியாமை என்று எண்ணிவிடுவது பெரும் பிழை.

2022 ஜூன் 13 அன்று இதே மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. வகுப்பின் பெயரை விட்டுப் பிள்ளையின் நிலையைப் பார்ப்பது அதன் உயிர். இதில் நான் குறைகாணும் இடம் ஒன்றே: ஒவ்வொரு மதிப்பீடும் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய எண்ணாகவும் இருக்கிறது. அரும்பில் நிற்கும் பிள்ளையை அரும்பென்றே பதிய ஆசிரியருக்கு அச்சம் இருக்கக் கூடாது.

எனவே என் முன்மொழிவு: மாநிலமும் மாவட்டமும் வெளியாரைக் கொண்டு மாதிரி ஆய்வு நடத்தட்டும், முடிவு ஒன்றியத்துக்குக் கீழே இறங்க வேண்டாம், ஒன்றியத்தின் எண்ணையும் மூன்றாண்டு சேர்த்தே வெளியிடட்டும். பள்ளிக்குள் நடக்கும் மதிப்பீட்டின் தாள்கள் ஆசிரியரிடமே இருக்கட்டும். மாதம் ஒருமுறை, அக்கம்பக்கப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சராசரிகளுக்குப் பதிலாக அந்தத் தவறான விடைகளை மேசையில் பரப்பிப் பேசட்டும். 35 என்று எழுதியவர்கள் எத்தனை பேர், 79 என்று எழுதியவர்கள் எத்தனை பேர் என்று பத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து எண்ணினால், அடுத்த திங்கட்கிழமை தீக்குச்சிக் கட்டை அவிழ்த்துப் பத்தைப் பிரித்துக் காட்ட வேண்டியது யாருக்கு என்பது தெரிந்துவிடும்.