முத்துக்குளித்துறையின் பருந்து அந்துப்பூச்சி: அடையாளமும் வாழ்வியலும்

1. ஆய்வுப் பொருள்

தூத்துக்குடிக் கரையென்றால் முத்தும் சங்கும்தான் பேசப்படுகின்றன. அக்கரையின் மணல்மேடுகளில் படரும் அடம்பங்கொடியை உண்டு வளரும் பெரிய இரவுப்பூச்சி ஒன்றும் ஆராயத் தக்கது. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட 'அக்ரியஸ் கன்வால்வுலி' அது. இந்தியப் பருந்து அந்துப்பூச்சிகளுக்கு இன்றும் அடிப்படை நூல், பெல்லும் ஸ்காட்டும் எழுதி 1937இல் வெளிவந்த தொகுதியே.

2. அடையாளம்

விரித்த சிறகின் அகலம் 8 முதல் 12 செ.மீ. வரை. முன்சிறகு சாம்பல் நிறம். மரப்பட்டையில் ஒட்டியிருந்தால் கண்ணுக்குப் படாது. சிறகை உயர்த்தும்போதுதான் வயிற்றின் இருபுறமும் இளஞ்சிவப்பும் கறுப்புமான பட்டைகள் தெரியும்.

எள்ளுச்செடியில் வளரும் மண்டையோட்டு அந்துப்பூச்சியோடு இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. அதன் முதுகில் மண்டையோடு போன்ற குறி, வயிற்றில் மஞ்சள் பட்டைகள், தொட்டால் கீச்சிடும். தேனடையைத் துளைத்துத் திருடுவதற்கேற்ப அதன் உறிஞ்சுகுழல் குட்டையாகவும் தடித்தும் இருக்கும். அக்ரியஸின் குழலோ உடலைவிட நீளம். விளக்கில் மோதிச் செதில் உதிர்ந்தால் நிறம் மங்கிவிடும், குழல் மாறாது. ஆகவே நிறத்தைவிடக் குழலையே முதற்சான்றாகக் கொள்வது சரி.

3. வாழ்வியல்

3.1 புழுவும் கூட்டுப்புழுவும்

அடம்பு மட்டுமன்றி, அதே பேரினத்தைச் சேர்ந்த சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரை இலைகளையும் புழு தின்னும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். வால்முனையில் உள்ள கொம்பு கொட்டாது, நஞ்சும் இல்லை. முற்றியபின் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். வருங்காலக் குழலுக்கான உறை, கூஜாவின் பிடிபோல் உடலுக்கு வெளியே வளைந்து நிற்கும். மண்ணைக் கிளறும்போது கிடைக்கும் கூட்டை இந்த உறையைக் கொண்டே இனங்காணலாம்.

3.2 பறத்தல்

அந்தியில் வெளிவந்து, மரமல்லி போன்ற குழல் நீண்ட வெண்பூக்களின் முன் அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும். பறப்பதற்குமுன் மார்புத் தசைகள் சூடேற வேண்டும். அதற்காகச் சிறகை நடுக்கும். விளக்கடியில் நடுங்கும் பூச்சி சாகிறது என்று எண்ணிக் கூட்டித் தள்ளிவிடுகிறோம். பல வேளைகளில் அது புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். வலசை செல்லும் இதன் ஆற்றல் பெரிது: ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவின் வடகோடிவரை செல்லும்.

4. கரையில் இன்றைய நிலை

அடம்பு மணலைப் பிணைத்து வைக்கும் கொடி. மணல்மேட்டைச் சமன்செய்தால் கொடியோடு அதில் வளரும் புழுக்களும் அழியும். சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் இப்புழு பெருகினால் கையால் பொறுக்கலாம். கடற்கரைக் கொடியில் அதை விட்டுவிடுவதே முறை.

துறைமுக விளக்கடியில் இப்பூச்சியைக் காண்பவர்கள் மேலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுங்கள். அருகிலுள்ள செடியையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பூச்சியை நிழலான செடியில் விடுங்கள்.