கல் ஒன்று, கதை மூன்று

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அன்பு நண்பர்களே, ஒரு கையில் இட்லித் தட்டும் மறு கையில் ரிமோட்டுமாக வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

கதையில் முந்தி நிற்பது பாத்திரமா, கதைப்பின்னலா என்பது தலைப்பு. கதைப்பின்னலை ஆங்கிலத்தில் ‘பிளாட்’ என்பார்கள். வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் பையன்கள், “ஐயா, எந்த ஊர்ல? கிரவுண்டு என்ன விலை?” என்று கேட்கிறார்கள். அது வேற பிளாட்டுங்க! எந்த நிகழ்ச்சியை முதலில் சொல்வது, எதைப் பின்னால் வைப்பது, எங்கே முடிப்பது, அதுதான் கதைப்பின்னல்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா, “பாத்திரம்தான் எல்லாம். நல்லவன் எங்கே போட்டாலும் நல்லவன்தான்” என்றார்கள். அம்மா, ஒன்றாம் தேதி எங்க வீட்டில் நான் தசரதச் சக்கரவர்த்தி. இருபத்தைந்தாம் தேதி நான் குசேலன். ஆள் அதே ஆள்தான். தேதிதான் மாறுது! (சிரிப்பு)

சரி, விளையாட்டுப் போதும். அரிஸ்டாட்டில் தம்முடைய கவிதையியலில், துன்பியல் நாடகத்துக்குக் கதைப்பின்னலே உயிர், பாத்திரம் அதற்கு அடுத்ததுதான் என்று சொல்லிவிட்டார். ஆனால் கிரேக்கம் வரை போகவேண்டாம். நம் வீட்டுத் திண்ணையிலேயே சாட்சி இருக்கிறது. அகலிகை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ராத்திரி எங்க அப்பத்தா திண்ணையில் ராமாயணம் சொல்லும். முனிவர் சபித்தார், அகலிகை கல்லானாள், ராமர் பாதத் தூசி பட்டது, பெண்ணானாள். கதை முடிந்தது. கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட எங்க அத்தை நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் அத்தை கேட்டது: “அதுக்கப்புறம் அந்த வீட்டுல என்னம்மா நடந்துச்சு?”

அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்புறம் என்ன? ராமர் மிதிலைக்குப் போயிட்டாரு. வில்லை முறிச்சாரு” என்று சொல்லி எழுந்துவிட்டது. அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

வான்மீகத்தின் பால காண்டத்தைப் பாருங்கள். அங்கே அகலிகை கல்லாவதே இல்லை. வந்திருப்பவன் இந்திரன் என்று அவளுக்குத் தெரியும். தேவராஜன் மேல் இருந்த ஆவலால் இசைகிறாள். கௌதமர் கொடுத்த சாபம் என்ன? காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கவேண்டும். இராமன் வந்ததும் அவள் வெளிப்படுகிறாள். இராமனும் இலக்குவனும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். கவனியுங்கள், இவன் பாதம் அவள்மேல் படவில்லை. இவர்கள் கைதான் அவள் பாதத்தில் படுகிறது. அதே நூலின் உத்தர காண்டத்தில், தெரியாமல் ஏமாந்துபோனேன் என்று அவளே சொல்கிறாள். ஒரு நூலுக்குள்ளேயே ஒரு நிகழ்ச்சி மாறுகிறது, பெண்ணும் மாறிப்போகிறாள்.

தமிழ்நாட்டில் இந்தக் கல் எப்போது வந்தது? கம்பனுக்கும் முன்னாலேயே வந்துவிட்டது ஐயா! உ.வே.சாமிநாதையர் 1918-இல் அச்சில் கொண்டுவந்த பரிபாடலில் 19-ஆம் பாடலைப் பாருங்கள். திருப்பரங்குன்றத்து முருகன் கோயிலுக்கு ஜனங்கள் போகிறார்கள். அங்கே சித்திர மண்டபம். இது பூனையாகிய இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன், இது அவன் கோபத்தால் அவள் கல்லான விதம் என்று ஓவியங்களைக் காட்டி ஒருவருக்கொருவர் விளக்குகிறார்கள். இன்றைக்கு நாம் பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போய்க் கைகாட்டிச் சொல்வோமே, அந்த மாதிரி. அந்தச் சித்திர வரிசை கல்லோடு முடிகிறது. அங்கே முடித்தால் கதையின் பொருள் என்ன? தண்டனை. அகலிகை யார்? குற்றவாளி.

சோழர் காலத்துக் கம்பன் என்ன செய்தான்? இந்திரன் என்று அவள் நடுவில் உணர்ந்தாள், உணர்ந்த பிறகும் விலகவில்லை என்று ஒளிக்காமல் சொன்னான். குற்றத்தை மூடவில்லை. ஆனால் கதையைக் கல்லோடு நிறுத்தவும் இல்லை. நிகழ்ச்சி வரிசையைப் பாருங்கள். முதலில் தாடகை. அங்கே இராமன் ஒரு பெண்ணின் உயிரை எடுக்கத் தயங்கி, முனிவன் சொன்னதால் எடுக்கிறான். அடுத்து அகலிகை. இங்கே ஒரு பெண்ணுக்கு வாழ்வு தருகிறான். அதற்குப் பிறகுதான் மிதிலை, சீதை. தாடகை வதம் வான்மீகத்திலும் முன்னாலேதான் வருகிறது. ஆனால் பாதத் தூசியில் கல் பெண்ணாவதைப் பக்கத்தில் வைக்கும்போதுதான், ஒரே இராமனின் வில் பிடித்த கையும் வழி நடந்த காலும் ஒன்றுக்கொன்று விளக்கமாகின்றன. முடிவில், மனத்தால் பிழை செய்யாதவள் என்று சொல்லி அவளைக் கணவனிடம் சேர்க்கிறார்கள். இப்போது கல் தண்டனை இல்லை, விடுதலைக்கான காத்திருப்பு. அகலிகை மன்னிக்கப்பட்டவள்.

எதிரணி நண்பர்கள் கேட்கலாம்: “பாத்திரம் அதேதானே?” அப்படியானால் 1943-க்கு வாருங்கள். புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ எழுதுகிறார். கலைமகளில் வெளிவருகிறது. மற்றவர்கள் ‘சுபம்’ போட்ட இடத்தில் அவர் தொடங்குகிறார். கல் பெண்ணாகிவிட்டது. சரி, அதுக்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடந்தது? எம்.ஏ. வகுப்பில் அந்தக் கதையைப் படித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நிலைப்படியில் எங்க அத்தை கேட்ட அதே கேள்வி!

கோதமருக்குக் குற்ற உணர்வு. அகலிகைக்கு எந்த ஆணைப் பார்த்தாலும் இந்திர பயம். சாபம் போய்விட்டது, நினைவு போகவில்லை. வருஷங்கள் ஓடுகின்றன. வனவாசம் முடிந்து திரும்பிய சீதை, தன்னை அக்கினியில் இறங்கச் சொன்ன சேதியைச் சொல்கிறாள். தன்னை மீட்ட அதே இராமனா கேட்டான்? அகலிகைக்குத் தாங்கவில்லை. கோதமர் தழுவ வரும்போது அவள் மறுபடியும் கல்லாகிறாள். இந்தத் தடவை எந்த முனிவனும் சபிக்கவில்லை.

நண்பர்களே, புதுமைப்பித்தன் செய்த முக்கியமான காரியம் என்ன? காவியத்தில் இந்தக் கோடியில் இருந்த அகலிகை நிகழ்ச்சியையும், அந்தக் கோடியில் இருந்த அக்கினிப் பிரவேசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் பழைய நிகழ்ச்சிகள்தான். சேர்த்து வைத்ததும் கல் எதிர்ப்பாகிவிட்டது. குற்றவாளியாக இருந்தவள், மன்னிக்கப்பட்டவளாக இருந்தவள், இப்போது நம்மைக் கேள்வி கேட்பவளாகிவிட்டாள். (கைதட்டல்)

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரே ஒரு நிமிஷம் ஐயா.

கதைப்பின்னல் எழுத்தாளர் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நாம் எல்லோரும் தினமும் அடுத்த வீட்டுக் கதையைப் பின்னிக்கொண்டுதான் இருக்கிறோம். எங்க அத்தையை ஊர் ‘வாழாவெட்டி’ என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்தது. புகுந்த வீட்டில் என்ன நடந்தது என்று முன்கதையை யாரும் கேட்கவில்லை. பின்கதையையும் யாரும் சொல்லவில்லை. அந்தப் பின்கதை எனக்குத் தெரியும். அத்தை ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டது. கால் வீங்க வீங்க மிதித்தது. அந்தக் காசில்தான் நான் கல்லூரிக்குப் பணம் கட்டினேன். இந்த முனைவர் பட்டம் அத்தை தைத்த ரவிக்கைகளில் வந்தது ஐயா.

அத்தையின் குணம் நடுவில் மாறவில்லை. ஊர் கதையை முடித்த இடம் தப்பு. ஒருத்தரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், “இதுக்கு முன்னால என்ன? இதுக்கப்புறம் என்ன?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாத்திரம் யார் என்பதைப் பின்னலே காட்டும் என்று சொல்லி, எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தருமாறு நடுவரைக் கேட்டு விடைபெறுகிறேன்.