உயர்தர இரசாயனவியலும் பத்தாம் தரப் பாடநூலும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்த மாணவர் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்கள் ஒரு காலத்தில் ஓய்வுக்குரியனவாக இருந்தன. இன்று அவ்வாறில்லை. தெமட்டகொடையில் வார இறுதி நாளொன்றின் காலைப்பொழுதில் பேஸ்லைன் வீதியின் பஸ் தரிப்பிடங்களை நோக்கினால், புத்தகப் பைகளுடன் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் தனியார் வகுப்புகளுக்காகப் புறப்படும் பிள்ளைகளையும் அவர்களுக்குத் துணையாகச் செல்லும் தாய்மாரையும் காணலாம். பெறுபேறு கைக்கு வருமுன்னரே உயர்தர விஞ்ஞான வகுப்புகள் ஆரம்பமாகிவிடுகின்றன. முந்திக்கொள்ளாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற அச்சத்தில் பெற்றோர் கடன்பட்டேனும் கட்டணத்தைச் செலுத்துகின்றனர்.

இந்த அவசரத்தினால் மிகுந்த பாதிப்புக்குள்ளாகும் பாடம் இரசாயனவியல் என்பதே எமது கருத்தாகும். உயிரியல் பிரிவினருக்கும் கணிதப் பிரிவினருக்கும் இது பொதுவான பாடம். வைத்தியராக விரும்பும் மாணவிக்கும் பொறியியலாளராக விரும்பும் மாணவனுக்கும் இதிலிருந்து தப்ப வழியில்லை. கொழும்பு மாவட்டத்துக்கான பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி உயர்வானது என்பதால் ஒரு பாடத்தில் ஏற்படும் சறுக்கலை மற்றைய இரண்டினால் ஈடுசெய்வதும் எளிதன்று. வகுப்பில் முதல் மாதமே அணுக்கட்டமைப்பு வேகமாக முடிகிறது. அடுத்து பிணைப்பு, பின்னர் வாயுக்கள். மூன்றாம் நான்காம் மாதத்தில் கணக்குகள் வரும்போதுதான் பிள்ளை தடுமாறுவது தெரிகிறது. உடனே 'இந்த ஆசிரியர் சரியில்லை' என்று வேறொரு வகுப்புக்கு மாற்றுகிறோம். தடுமாற்றத்துக்கான காரணம் பெரும்பாலும் உயர்தர வகுப்பில் இல்லை. அது பத்தாம் பதினோராம் தரங்களில் விடுபட்டுப்போன பாடங்களில் இருக்கிறது.

சாதாரண தரப் பெறுபேறு இந்தக் குறையை வெளிக்காட்டுவதில்லை. அங்கே விஞ்ஞானம் என்பது ஒரே பாடம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றும் அதற்குள் அடக்கம். கண்ணின் அமைப்பையும் குருதிச் சுற்றோட்டத்தையும் மின்சுற்றையும் நன்கு எழுதிய பிள்ளை, இரசாயனக் கணக்குகளைத் தொடாமலே திறமைச் சித்தி பெற்றுவிட முடியும். பெறுபேற்றுத் தாளில் தெரிவது ஓரெழுத்து மட்டுமே. அந்த எழுத்தைக் கண்டு மகிழும் பெற்றோருக்கும், ஏன், பிள்ளைக்குமே கூட, எந்தப் பகுதி பலவீனமானது என்பது தெரிவதில்லை.

ஆகவே இம்மாதங்களில் முதலில் கையில் எடுக்க வேண்டியது பழைய பாடநூலையே. இங்கு ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். பரீட்சை முடிந்ததும் அரசாங்கம் இலவசமாக வழங்கிய அந்நூலைப் பாடசாலையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், அல்லது பழைய கடதாசி வாங்குபவரிடம் நிறைக்குப் போட்டுவிடுகிறோம். அது மிகவும் தேவைப்படும் தருணத்தில் வீட்டில் அது இருப்பதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்களைக் கட்டணமின்றிப் பெறலாம் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நல்லது. உயர்தரத்துக்குரிய பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடுகிறது. பாடத்திட்டத்தைப் பார்க்காமலே இரண்டு ஆண்டுகளைக் கழிக்கும் மாணவர் பலர்.

மீட்டற்குரியவற்றுள் முதலிடம் மூலுக்கு உரியது. ஒரு மூல் என்பது ஓர் எண்ணிக்கை, அவ்வளவே. முட்டையை டசினில் எண்ணுவது போல அணுக்களையும் மூலக்கூறுகளையும் அயன்களையும் மூலில் எண்ணுகிறோம். காபன்-12 சமதானியின் 12 கிராமில் உள்ள அணுக்களின் தொகை என்றே பழைய குறிப்புகளில் எழுதப்பட்டிருக்கும். 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச வரைவிலக்கணப்படி 6.02214076 இனைப் பத்தின் 23ஆம் அடுக்கால் பெருக்கி வரும் எண்ணிக்கையே ஒரு மூல். காபனையோ கிராமையோ அது சார்ந்திருக்கவில்லை. கணக்கில் இதனால் மாற்றம் எதுவுமில்லை. ஆனால் மூல் என்பது திணிவன்று, எண்ணிக்கையே என்ற தெளிவு பிள்ளைக்கு ஏற்பட இந்த வரைவிலக்கணம் உதவும்.

இந்தத் தெளிவு இல்லாவிடின் என்ன நேரும் என்பதை ஓர் எளிய கணக்கினால் காட்டலாம். நீரற்ற சோடியம் காபனேற்றில் 2.65 கிராமை நீரில் கரைத்து 250 கன சென்ரிமீற்றர் கரைசல் ஆக்குகிறோம். அதன் செறிவு என்ன? சோடியம் 23, காபன் 12, ஒட்சிசன் 16. சூத்திரத்தில் சோடியம் இரண்டு, காபன் ஒன்று, ஒட்சிசன் மூன்று. மூலர்த் திணிவு 106 கிராம். சோடியத்தை ஒருமுறை மட்டும் கூட்டி 83 என எழுதும் பிள்ளைக்கு மூல் தெரியும், வலுவளவு தெரியாது. 2.65 இனை 106 ஆல் வகுத்தால் 0.025 மூல். அது கால் கன தெசிமீற்றரில் இருப்பதால் செறிவு ஒரு கன தெசிமீற்றருக்கு 0.1 மூல். 250 ஆல் அப்படியே வகுத்து விடையை ஆயிரம் மடங்கு குறைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அலகு தெரியாது. சோடியம் அயனின் செறிவைக் கேட்டால் 0.2 என்று சொல்லத் தயங்குபவருக்கு, உப்பு நீரில் கரையும்போது அயன்கள் எவ்வாறு பிரிகின்றன என்ற படம் மனத்தில் இல்லை.

இதே கரைசலில் 25 கன சென்ரிமீற்றரைக் குழாயியால் எடுத்து, ஒரு கன தெசிமீற்றரில் 0.2 மூல் கொண்ட ஐதரோகுளோரிக் அமிலத்தால் நியமிப்புச் செய்கிறோம். மெதயில் செம்மஞ்சளைக் காட்டியாக இட்டால் 25 கன சென்ரிமீற்றர் அமிலம் செலவாகும். பினோத்தலீனை இட்டால் அதில் பாதியான 12.5 கன சென்ரிமீற்றரிலேயே நிறம் மறைந்துவிடும். காபனேற்று முதலில் இருகாபனேற்றாகவும், பின்னரே காபனீரொட்சைட்டாகவும் மாறுவதே இதற்குக் காரணம். இந்தக் கடைசிப் படி மட்டுமே உயர்தரத்துக்குரியது. அதற்கு முந்திய யாவும் பத்தாம் பதினோராம் தரங்களில் கற்பிக்கப்பட்ட அடிப்படையிலிருந்து வருபவை. உயர்தர ஆசிரியர் கரும்பலகையில் விளக்குவது கடைசிப் படியைத்தான். முந்தியவை தெரியும் என்று அவர் கருதிக்கொள்கிறார். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் அவ்வாறு கருதுவதைத் தவிர அவருக்கும் வேறு வழியில்லை.

எமது பரீட்சையில் கணிப்பான் அனுமதிக்கப்படுவதில்லை என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும். முதலாம் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம் கூட இல்லை. பத்தின் அடுக்குகளைப் பெருக்குதல், பின்னங்களைச் சுருக்குதல், மடக்கையைக் கையாளுதல் ஆகியவை விரல் நுனியில் இல்லாத பிள்ளை, இரசாயனவியல் நன்கு தெரிந்திருந்தும் நேரத்தை இழந்துவிடும். வீட்டில் கைத்தொலைபேசியில் கணக்கைத் தட்டிப் பழகிய கைக்கு இது பெரும் சோதனை. உயிரியல் பிரிவைத் தெரிவு செய்யும் பிள்ளைகள் இணைந்த கணிதத்தைக் கற்பதில்லை. ஆகவே கணிதப் பழக்கம் அவர்களிடமே விரைவில் தேய்கிறது. நாள்தோறும் பத்து நிமிடம் கையாற் கணக்கிடுவது எந்த வகுப்புக்கும் ஈடானது.

அடுத்தது சூத்திரமும் சமன்பாடும். வலுவளவுகளை மனனம் செய்வதை இகழ்வது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. நாம் அதற்கு உடன்படவில்லை. சல்பேற்று, நைத்திரேற்று, காபனேற்று, பொசுபேற்று, அமோனியம் ஆகியவற்றின் ஏற்றங்கள் பெருக்கல் வாய்ப்பாடு போல மனத்தில் நிற்க வேண்டும். கொழும்பு நகருக்கு அம்பத்தளையிலிருந்து வரும் களனி நீரைத் தெளிவிக்க உதவும் அலுமினியம் சல்பேற்றை எடுத்துக்கொள்வோம். அலுமினியத்தின் ஏற்றம் மூன்று, சல்பேற்றின் ஏற்றம் இரண்டு. எனவே இரண்டு அலுமினியத்துக்கு மூன்று சல்பேற்று. ஒட்சிசன் அணுக்கள் பன்னிரண்டு. மூலர்த் திணிவு 342 கிராம். அதே நீரில் கிருமிகளை அழிக்க இடப்படும் குளோரீன் நீருடன் தாக்கமுற்று ஐதரோகுளோரிக் அமிலத்தையும் ஐப்போகுளோரசு அமிலத்தையும் தருகிறது. பூச்சியமாக இருந்த குளோரீனின் ஒட்சியேற்ற எண், ஒன்றில் சய ஒன்றாகவும் மற்றதில் சக ஒன்றாகவும் ஆகிறது. ஒரே மூலகம் ஒரே தாக்கத்தில் ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் அடைவதை விளங்கிக்கொள்ள, வீட்டுக் குழாய்நீரை விடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

தெமட்டகொடைப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் அருகில் உண்டு. புகையிரத இயந்திரங்கள் தரித்து நிற்கும் கொட்டகையைக் கடந்தே பலர் நாள்தோறும் செல்கின்றனர். தண்டவாளங்களை ஒன்றோடொன்று உருக்கி இணைப்பதற்கு உலகெங்கும் கையாளப்படும் முறை அலுமினியத் தூளையும் இரும்பொட்சைட்டையும் கலந்து எரிப்பதாகும். 160 கிராம் பெரிக்கொட்சைட்டுக்கு 54 கிராம் அலுமினியம் போதும். 112 கிராம் இரும்பு உருகிய நிலையில் கிடைக்கும். அலுமினியம் 27 கிராம் மட்டுமே இருந்தால்? இரும்பு 56 கிராம்தான் வரும்; ஒட்சைட்டு 80 கிராம் எஞ்சும். எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதுவே விளைவின் அளவைத் தீர்மானிக்கிறது. ஆறு பேருக்கு இடியப்பம் அவிக்க மாவிருந்தும் நான்கு பேருக்கே தேங்காய்ப்பூ இருந்தால் நிலைமை என்ன என்பதை எந்தத் தாயும் விளக்கிவிடுவார்.

மீட்டல் என்பது பழையதை அப்படியே திரும்பச் சொல்வதுமன்று. சாதாரண தரத்துக்காக எளிமையாக்கப்பட்ட சிலவற்றை உயர்தரத்தில் கைவிட நேரும். பொற்றாசியத்துக்கு 2, 8, 8, 1 என்றும் கல்சியத்துக்கு 2, 8, 8, 2 என்றும் எழுதிப் பழகியவர், மூன்றாம் ஓட்டில் எட்டுக்கு மேல் இலத்திரன் இருக்க முடியாது என்று எண்ணிக்கொள்கிறார். இரும்புக்கு 2, 8, 14, 2 என்று காணும்போது குழம்புகிறார். பழைய விதி எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் இந்தக் குழப்பம் நேராது.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. 1875 ஆம் ஆண்டிலேயே, மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. அத்தகைய மரபுடைய நாம் இன்று இணையத்தில் தமிழகத்துக் காணொளிகளைப் பெரிதும் நாடுகிறோம். அவை பயனுள்ளவை, ஐயமில்லை. எனினும் அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். அங்கே வினை, இங்கே தாக்கம். அங்கே எலக்ட்ரான், இங்கே இலத்திரன். அங்கே ஒடுக்கம், இங்கே தாழ்த்தல். அங்கே ஐசோடோப்பு, இங்கே சமதானி. விடைத்தாளில் எமது பாடத்திட்டத்தின் சொல்லையே எழுத வேண்டும். கொழும்பில் உயர்தரத்தை ஆங்கில மொழிமூலத்துக்கு மாற்றிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குப் பாடமும் புதிது, சொல்லும் புதிது என்ற இரட்டைச் சுமை ஏற்படுகிறது. பத்தாம் தர நூலின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்து, தெரிந்த விடயத்துக்குப் புதிய சொல்லைக் கற்றுக்கொள்வதே அதனைக் குறைக்கும் வழி.

வகுப்புக்கே செல்ல வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னர் பிள்ளையை ஒரு மாலைப்பொழுது மேசையருகே அமர்த்தி, கடந்தகாலச் சாதாரண தர வினாத்தாள்கள் ஐந்தில் உள்ள இரசாயனப் பகுதிகளை மட்டும் புத்தகமும் கணிப்பானும் இன்றிச் செய்யச் சொல்லுங்கள். பிழைத்த வினா ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த அலகைச் சேர்ந்தது என்று பிள்ளையே எழுதட்டும். அணுவின் அமைப்பு, பிணைப்பு, மூல், அமிலமும் காரமும், ஐதரோகாபன்கள் என்று அந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டாது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் ஒன்றரை மாதத்தில் அதனை முடித்துவிடலாம். பின்னர் வகுப்பில் சேர்க்கும்போது எந்த ஆசிரியரிடம், எந்தப் பகுதிக்காக என்பதைப் பிள்ளையே சொல்லும்.