புளியந்தீவு விருந்தினர் விடுதிகள்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த பழைய நகரான புளியந்தீவிலும், பாலம் கடந்தால் வரும் கல்லடியிலும் இயங்கும் சிறு தங்குமிடங்கள். பல, குடும்பங்கள் நடத்துபவை; அறைகள் சிலவே. 2009இல் போர் ஓய்ந்து பயணிகள் வரத் தொடங்கியபின் பெருகின.

மொரோக்கோவின் பழைய நகரங்களில் விடுதிகளாக மாறிய ரியாத் வீடுகள் தெருவுக்கு முதுகு காட்டி, நடுமுற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் அந்த வகைதான். வாவிக்கரை விடுதிக்கோ விறாந்தைதான் உயிர். நீரைப் பார்த்தபடி உட்கார அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

காலையில் இடியப்பமும் சொதியும், அல்லது பிட்டும் மீன்கறியும். மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரைப் பாணி ஊற்றி உண்ணாமல் திரும்பக்கூடாது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை புளியந்தீவிலேயே நிற்கிறது. 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தின் அருகே 2013இல் புதுப்பாலம் வந்தது.

முழுநிலா இரவில் பழைய பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைப்பார்கள். வீணைக் கம்பியை மெல்லத் தொட்டாற்போல் ஒலி எழும் என்பர். அதை எழுப்புவது மீனா, சிப்பியா என்பது இன்னும் முடிவாகவில்லை; ஊர் அதைப் பாடும் மீன் என்றே அழைக்கிறது.

கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். சித்திரை முதல் ஆவணி வரை வருவது நல்லது. கொழும்பிலிருந்து உதயதேவி புகையிரதம் நேரே மட்டக்களப்புக்கு வருகிறது.